எதிர்வீட்டு டீசல் கார்: தண்டையார்பேட்டையில் ஒரு ஃபில்டர் மாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

வண்டி 2013-இல் வாங்கிய சிறிய டீசல் கார். உள்ளே இருப்பது ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் காமன் ரயில் இன்ஜின். ரயில் என்பது நான்கு சிலிண்டருக்கும் பொதுவாக டீசலை உயர் அழுத்தத்தில் வைத்திருக்கும் குழாய். ஒரு காலத்தில் மாருதி, டாடா, ஃபியட் என்று மூன்று கம்பெனி வண்டிகளிலும் ஓடி, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது இங்கே விடைபெற்றுக்கொண்ட இன்ஜின் அது. உரிமையாளர் என் எதிர்வீட்டுக்காரர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் அண்ணன் என்பதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன். வேலையில் என் பங்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததும், டார்ச் பிடித்ததும், குறிப்பு எழுதியதும். மூளை காசிமேட்டிலிருந்து வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

புகார்கள் 2024 மார்ச்சில் ஆரம்பித்தன. காலையில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் பிடிக்க நேரமானது. பிடித்த பிறகு சமதளத்தில் ஒரு குறையும் இல்லை. மின்ட் மேம்பாலத்திலோ மூலக்கடை மேம்பாலத்திலோ ஏறும்போது மட்டும் இழுவை திடீரென்று செத்துவிடும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகர்வேனா என்று நிற்கும். பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வரும் சாலையில் இது சிறிய விஷயம் இல்லை. ஓரம் கட்டி அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். ஒரு நாள் இன்ஜின் விளக்கும் எரிந்தது.

அண்ணன் முதலில் போனது ஒரு பெரிய பணிமனைக்கு. அங்கே ஸ்கேனர் மாட்டினார்கள். பி0087 என்ற குறியீடு வந்தது. ரயிலில் எரிபொருள் அழுத்தம் தேவையைவிடக் குறைவு என்பது அதன் பொருள். அதைப் பார்த்ததும் "நோசில் நான்கும் போய்விட்டது, பம்பையும் பார்க்க வேண்டும்" என்று ஒரு மதிப்பீட்டுத் தாள் கைக்கு வந்தது. நோசில் என்பது சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம். அந்தத் தொகைக்கு அந்த வண்டியையே விற்க முடியுமா என்பது சந்தேகம். குறியீடு விளைவைத்தான் சொல்கிறது. அழுத்தம் குறைவதற்கு நோசில் கசிவு காரணமாக இருக்கலாம். பம்ப் தேய்மானமாக இருக்கலாம். ரயில் வால்வாக இருக்கலாம். பம்புக்கு டீசலே போதுமான அளவில் வந்து சேராமலும் இருக்கலாம். மலிவான காரணத்திலிருந்து தொடங்கி விலை உயர்ந்த காரணத்துக்குப் போவதுதான் முறை. மதிப்பீட்டுத் தாள் எதிர்த்திசையில் எழுதப்பட்டிருந்தது.

நோசில் என்று நாம் சொல்லும் இன்ஜெக்டருக்குள் நகரும் பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் எழுபது மைக்ரான். காமன் ரயிலில் டீசலின் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேலே போகும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பாரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. அந்த அழுத்தத்தில் ஒரு துளி தண்ணீரும் ஒரு மண்துகளும் என்ன செய்யும் என்பதை யோசித்தால், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் டீசல் ஃபில்டர் என்ற ஒரு தகரக் குடுவை எதைக் காத்துக்கொண்டிருக்கிறது என்பது விளங்கும்.

காசிமேட்டு மேஸ்திரி

அண்ணனின் பழைய நண்பர் ஒருவர் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். கடலுக்குப் போகிறவர்களுக்குத்தான் அது ஓய்வு, இன்ஜின் மேஸ்திரிக்கு உச்ச காலம். அதற்கு நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து சேர்ந்தார். பானெட்டைத் திறக்கும் முன்பே ஒரு கேள்வி கேட்டார்.

"நேற்று ராத்திரியிலிருந்து வண்டியை அசைத்தீர்களா, அண்ணே?"

"இல்லை மேஸ்திரி. நேற்று மத்தியானம் நிறுத்தியதுதான்."

"அப்படியானால் நல்லது. யாரும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். அடியில் நிற்பதை முதலில் இறக்கிப் பார்ப்போம்."

படகுக்காரர்களுக்கு இது பழக்கம். வாரக்கணக்கில் அரை டேங்க் டீசலோடு நிற்கும் படகில், இரவின் குளிர்ச்சிக்கு டேங்கின் உட்சுவரில் ஈரம் கோத்து அடியில் இறங்கும். தண்ணீர் டீசலைவிடக் கனம். அசையாமல் நின்றால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். இன்ஜின் ஓடிக் கலக்கிவிட்டால் டீசலோடு டீசலாகச் சுற்றும். ஆகவே தண்ணீரைத் தேடுகிறவர் வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, சாவியைத் தொடுவதற்கு முன் தேட வேண்டும். பணிமனைக்கு ஓட்டிக்கொண்டு போன வண்டியில் இந்தச் சோதனைக்கு வாய்ப்பே இல்லை. வீட்டு வாசலில் வேலை பார்ப்பதன் பெரிய லாபம் இதுதான் என்பது என் கணிப்பு. மிச்சமாகும் கூலிப் பணம் எல்லாம் அதற்கு அடுத்தபடி.

டீசல் ஃபில்டர் இந்த வண்டியில் பானெட்டுக்குள்ளேயே, பின்சுவரை ஒட்டி இருக்கிறது. ஜாக்கி வைத்துக் கீழே படுக்க வேண்டியதில்லை. மேலே அலுமினியத் தலை. அதில் கையால் அழுத்தும் சிறிய பிரைமர் பம்ப். கீழே திருகி மாட்டும் தகரக் குடுவை. குடுவையின் அடியில் தண்ணீர் சென்சாரும் வடிகால் திருகும். மேஸ்திரி வடிகாலில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையை அண்ணன் வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் விட்டு, திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தினார். பிரைமரை மெல்ல அழுத்தியதும் கீழே இறங்கியது.

பாட்டிலை மதில்மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம். திரும்பி வந்து பார்த்தபோது உள்ளே இரண்டு அடுக்கு. மேலே வெளிர்மஞ்சள் டீசல். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கிய நீர். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பாலாடை மாதிரி ஒரு பழுப்புநிறப் படலம். அது தண்ணீர்தானா என்பதில் அண்ணனுக்குச் சந்தேகம். மேஸ்திரி சமையலறையிலிருந்து கேசரிப் பவுடர் கேட்டு வாங்கி ஒரு சிட்டிகை தூவினார். தூள் டீசலின் ஊடே நிறம் விடாமல் இறங்கியது. படலத்தைத் தாண்டிய கணம் ஆரஞ்சு நிறம் விரிந்து அடி அடுக்கு முழுக்கப் பரவியது. அந்த நிறம் தண்ணீரில் கரையும், டீசலில் கரையாது. பெட்ரோல் பங்க்குகளில் அளவுகோலில் தடவும் தண்ணீர் காட்டும் பசை செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். இங்கே செலவு ஒரு சிட்டிகை.

ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்தால் எரிய வேண்டிய தண்ணீர் விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்கலாம். சென்சாரைக் கழற்றியபோது அதன் இரண்டு ஊசிகளிலும் கறுப்பாகப் பிசின் பிடித்திருந்தது. பிசின் மூடிய ஊசி தண்ணீரை உணராது.

வேறு எதுவாக இருக்கலாம்

தண்ணீர் கிடைத்துவிட்டது என்பதற்காக மற்றக் காரணங்களை மேஸ்திரி விட்டுவிடவில்லை. மேம்பாலத்தில் இழுவை போகும்போது பின்னால் கறும்புகை வந்ததா என்று கேட்டார். வரவில்லை. டர்போ குழாய் கிழிந்தாலோ காற்று ஃபில்டர் அடைத்தாலோ டீசல் இருக்கும், காற்று இருக்காது, புகை கறுக்கும். இங்கே புகையில்லாமல் இழுவை போகிறது என்றால் குறைவது டீசல். காலையில் தாமதமாக ஸ்டார்ட் ஆவதற்கு ஹீட்டர் பிளக்கைக் குறை சொல்வதும் சென்னையில் எடுபடாது. பங்குனி விடியலில் இன்ஜினுக்கு அப்படி என்ன குளிர்?

நோசில் கசிவைச் சோதிக்க அவர் கொண்டுவந்தது நான்கு மருந்து பாட்டில்களும் சலைன் குழாய்களும். மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாயை ஒவ்வொரு நோசிலிலும் தனித்தனியே ஒரு பாட்டிலுக்குள் விட்டு, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டார். எந்த நோசில் உள்ளுக்குள் அதிகம் கசிகிறதோ அதன் பாட்டில் சீக்கிரம் நிறையும். மூன்று பாட்டில்களில் மட்டம் ஒன்றாக நின்றது; நான்காவதில் கொஞ்சம் கூடுதல். அபாயக் கணக்கில் சேராத கூடுதல். நோசில் நான்கும் போய்விட்டது என்ற தீர்ப்பு அந்த இடத்திலேயே தள்ளுபடி ஆனது.

கழற்றி மாட்டியது

புதிய ஃபில்டரை அண்ணன் முன்பே வாங்கி வைத்திருந்தார். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் எல்.ஐ.சி. நிலையத்தில் இறங்கி ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு நடந்துவிடலாம். வண்டிச் சாமான் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. இங்கே ஓர் எச்சரிக்கை. இன்ஜின் ஒன்றே என்பதால் ஃபில்டரும் ஒன்றே என்று நினைத்துவிடக் கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி, வருடத்துக்கு வருடம் குடுவையும் தலையும் மாறியிருக்கின்றன. பழைய குடுவையின் மேல் அச்சிட்டிருக்கும் பாக எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அப்படியும் கடைக்காரர் முதலில் நீட்டிய மலிவான பெட்டியில் இருந்த குடுவைக்கு அடியில் சென்சார் மாட்டும் துளையே இல்லை. உயரமும் திருகுப்புரியும் அப்படியே பொருந்தும். மாட்டினால் வண்டி ஓடவும் செய்யும். தண்ணீர் எச்சரிக்கை மட்டும் நிரந்தரமாக ஊமையாகிவிடும்.

குடுவையை இருந்த இடத்திலேயே திருகிக் கழற்ற இடம் போதவில்லை. தாங்கியின் போல்ட்டுகளை எடுத்து, தலையோடு மேலே தூக்க வேண்டியிருந்தது. அதற்குக் குழாய்களைப் பிரிக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றினோம். டீசல் மூடியைத் திறந்து டேங்கில் தேங்கிய காற்றழுத்தத்தை விட்டோம். வரும் குழாய் எது, போகும் குழாய் எது என்று வெள்ளை மார்க்கரால் குறித்தோம். கொசுவர்த்தியை அணைத்தோம்; எதிர்த் திண்ணையில் பீடி பிடித்தவரிடம் தள்ளி உட்காரச் சொன்னோம். டீசல் பெட்ரோல் மாதிரி எட்டி நின்று தீப்பிடிக்காது என்பது உண்மைதான். அதற்காகத் திறந்த டீசலுக்குப் பக்கத்தில் நெருப்பை வைத்துக்கொள்ள வேண்டுமா?

பிளாஸ்டிக் இணைப்புகளின் இரு பக்கத்திலும் சிறிய பொத்தான் இருக்கும். இரண்டையும் ஒருசேர அழுத்திக்கொண்டு நேராக இழுத்தால் வந்துவிட வேண்டும். வரவில்லை. கடல் பக்கத்துத் தெருவில் பத்து வருடம் நின்ற வண்டி. இணைப்புக்குள் உப்பும் தூசியும் கட்டியாகியிருந்தன. இந்த இடத்தில்தான் பலர் திருப்புளியை விட்டு நெம்பி, பிளாஸ்டிக் மூக்கை உடைத்துக்கொள்கிறார்கள். மூக்கு உடைந்தால் குழாயையே மாற்ற வேண்டும். மேஸ்திரி நெம்பவில்லை. இணைப்பை முதலில் உள்பக்கமாக அழுத்தினார். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் டீசலைத் தொட்டுச் சுற்றிலும் தேய்த்தார். இடமும் வலமுமாக மெல்லத் திருகினார். கட்டியானது நறநறவென்று உதிர்வது காதில் விழுந்தது. பிறகு பொத்தான்களை அழுத்தியதும் வழுக்கிக்கொண்டு வந்தது.

பிரித்த மறுநொடி இரண்டு குழாய் வாய்களையும் சுத்தமான பாலித்தீன் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு மூடினார். எங்கள் தெருவில் இதற்குத் தனி அவசியம் உண்டு. எண்ணூர் விரைவுச் சாலை பக்கத்திலேயே இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் எழுப்பும் தூசி காலையில் துடைத்த திண்ணையில் மத்தியானமே படியும். ஃபில்டருக்கு முந்தைய பக்கத்தில் தூசி விழுந்தால் ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிந்தைய பக்கத்தில் விழுவது நேராகப் பம்புக்கும் நோசிலுக்கும் போகும். நடுவே தடுக்க எதுவும் இல்லை. பனியன் வேஸ்ட்டைக்கூட அவர் அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை, அதன் நூல் உதிரும் என்பதால்.

லாரி வேலையில் வளர்ந்தவர்களோடு வாதம் வருவது புதுக் குடுவையை மாட்டும் கட்டத்தில்தான். குடுவையில் டீசலை ஊற்றி நிரப்பி மாட்டினால் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகும் என்பது பழைய வழக்கம். இத்தகைய குடுவையில் அழுக்கு டீசல் வெளிவட்டத்துத் துளைகள் வழியாக நுழைந்து, மடிப்புத் தாளைக் கடந்து, நடுத்துளை வழியாகச் சுத்தமாக வெளியேறுகிறது. நடுத்துளையில் கேனிலிருந்து ஊற்றினால் வடிகட்டாத டீசலைச் சுத்தப் பக்கத்தில் நாமே விட்டதாக ஆகும். மேஸ்திரி காலியாகவே மாட்டினார். சென்சாரின் ஊசிகளைத் துடைத்து, ஓ-ரிங் என்ற புது ரப்பர் வளையத்துக்குச் சுத்தமான டீசல் தடவி, புதுக் குடுவைக்கு மாற்றினார். குடுவையின் வாஷரிலும் டீசல் தடவி, வாஷர் தொட்ட பிறகு முக்கால் சுற்று, கையாலேயே. இறுக்க எந்த ஸ்பேனரும் வைக்கவில்லை.

ஏர் எடுப்பது

காலிக் குடுவையில் இருப்பது காற்று. அது பம்புக்குப் போனால் இன்ஜின் பிடிக்காது. அதை வெளியேற்றுவதற்குப் பெயர் ஏர் எடுப்பது. பழைய லாரி இன்ஜினில் நோசிலுக்குப் போகும் பைப்பின் நட்டைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடிப்பார்கள்; நுரையோடு டீசல் கொப்பளித்து வரும்; நுரை நின்றதும் நட்டை இறுக்குவார்கள். வியாசர்பாடியிலும் மாதவரத்திலும் இந்தக் காட்சியைப் பார்க்காத ஆள் கிடையாது. காமன் ரயில் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் போகக்கூடிய குழாயின் நட்டைத் தளர்த்தினால் கண்ணுக்குத் தெரியாத நூல் மெல்லிய டீசல் பீறிடும். அது கையுறையையும் தோலையும் துளைத்துச் சதைக்குள் போகும். வெளியே ஊசி குத்திய அளவுக்குத்தான் காயம் தெரியும், உள்ளே திசு அழுகத் தொடங்கியிருக்கும். உடனே அறுவை சிகிச்சை தேவைப்படுகிற காயம் அது. மரத்துப்போகிறது என்று சும்மா இருந்துவிட்டு விரலை இழந்தவர்கள் உண்டு. இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் படிக்க நேரமிருக்கிறவர் இந்தப் பத்தியைப் படித்தால் போதும்.

சரியான வழி பிரைமர். தலையில் இருக்கும் ஏர் திருகைத் தளர்த்தி, பிரைமரை அழுத்தி அழுத்தி விட்டார். முதலில் காற்று, பிறகு நுரை, பிறகு குமிழியில்லாத டீசல். திருகை மூடி, பிரைமர் கல்லாக இறுகும் வரை அழுத்தினார். பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பினார். பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கவில்லை; இடையில் அரை நிமிடம் இடைவெளி. இரண்டாவது முறை கொஞ்சம் தடுமாறிப் பிடித்தது.

இன்ஜின் ஓடும்போது ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே கண்ணாடிக் குழாய்த் துண்டு ஒன்றைத் தற்காலிகமாக வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். இதற்குக் காரணம் உண்டு. இந்த வண்டியில் ஃபில்டர் இருப்பது உறிஞ்சும் பக்கம். பம்ப் டீசலை இழுத்துக்கொள்கிறது. அந்தப் பக்கத்தில் ஓ-ரிங் சரியாக உட்காராவிட்டால் டீசல் வெளியே கசியாது; காற்று உள்ளே போகும். தரையில் சொட்டு விழவில்லை, ஆகவே லீக் இல்லை என்ற முடிவு இங்கே செல்லாது. குமிழி வரவில்லை. துண்டை எடுத்துவிட்டுப் பழைய குழாயைப் பொருத்தி மறுபடி ஏர் எடுத்தார்.

ஒரு வார்த்தை பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கும். மேலே சொன்ன எதையும் அப்படியே அங்கே பின்பற்ற வேண்டாம். புதிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஃபில்டர் டேங்குக்குள் பம்போடு சேர்ந்தே இருக்கிறது. வாசலில் மாற்றும் காரியமே இல்லை. வெளியே ஃபில்டர் உள்ள பழைய வண்டியில் குழாய்க்குள் மூன்று நான்கு பார் அழுத்தம் நிற்கும். பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி இன்ஜின் தானே அணையும்வரை ஓடவிட்ட பிறகுதான் குழாயைத் தொட வேண்டும். பெட்ரோல் ஆவி எங்கோ மூலையில் எரியும் பூஜை விளக்கைத் தேடிப் போய்ப் பற்றும்.

மறுபடியும்

வண்டி மேம்பாலங்களில் சொன்ன பேச்சைக் கேட்டது. போகும்போது மேஸ்திரி, "டேங்கை இறக்கிக் கழுவுங்கள் அண்ணே, பாட்டிலில் பார்த்தது கொசுறுதான்" என்றார். அண்ணனுக்கு மனம் வரவில்லை. ஓடுகிற வண்டியின் டேங்கை யார் இறக்குவார்கள்? ஆடி மாதத்தில் மூலக்கடை மேம்பாலத்தில் வண்டி மறுபடி நின்றது. பிரைமரைத் தொட்டுப் பார்த்தபோது உள்வாங்கி அமுங்கியே கிடந்தது. அதாவது ஃபில்டரைத் தாண்டி டீசல் வராமல் பம்ப் வெறுமனே இழுத்துக்கொண்டிருக்கிறது. சில மாதம்கூட ஆகாத ஃபில்டர். பொதுவாக டீசல் கார்களில் இதை மாற்றும் கெடு 20,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை இருக்கும். இது அதில் ஒரு துண்டு தூரம்கூட ஓடவில்லை.

இந்தக் குடுவையை மேஸ்திரி குப்பையில் போட விடவில்லை. மேல் மடிப்பை உளியால் நிமிர்த்தி, தகரம் வெட்டும் கத்தரியால் திறந்தார். ரம்பம் வைத்து அறுத்தால் இரும்புத்தூள் தாளில் விழுந்து, வந்தது எது, நாம் போட்டது எது என்று தெரியாமல் போகும். உள்ளே இருந்த மடிப்புத் தாளை நீளமாக விரித்து, பழைய செய்தித்தாளின் மேல் வெயிலில் போட்டோம்.

தாளின் மடிப்புகள் முழுக்கக் கறுப்பு. கையுறையோடு விரலால் தேய்த்தால் வழவழவென்றிருந்தது, நறநறப்பு இல்லை. மணல், துரு எதுவுமில்லை. துணியில் சுற்றிய காந்தத்தை மேலே நகர்த்திப் பார்த்தார், ஒன்றும் ஒட்டவில்லை. வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது மினுக்கும் எதுவும் கண்ணில் படவில்லை. இந்தக் கடைசி இரண்டும் முக்கியம். உயர் அழுத்தப் பம்ப் தேய்ந்தால் அதன் உலோகப் பொடி ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்குத் திரும்பி, அங்கிருந்து ஃபில்டருக்கு வந்து சேரும். தாளில் மினுமினுப்பு இருந்திருந்தால் பணிமனையின் மதிப்பீட்டை மறுபடி எடுத்துப் படிக்க வேண்டியிருக்கும்.

அந்த வழவழப்பு உயிருள்ளது. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் எல்லையில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும்; தண்ணீரில் வாழ்ந்துகொண்டு டீசலைத் தின்னும். அவற்றின் கழிவும் பிணமும்தான் அந்தக் கறுப்புக் களிம்பு. ஹார்லிக்ஸ் பாட்டிலில் பார்த்த படலமும் அதுவே. ஃபில்டரை எத்தனை முறை மாற்றினாலும், டேங்கின் அடியில் தண்ணீர் நிற்கும்வரை பயிர் வளரும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? இந்தியாவின் டீசல் தர விதிப்படி ஒரு கிலோ டீசலில் 200 மில்லிகிராமுக்கு மேல் நீர் இருக்கக் கூடாது. பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் மழைநீர் இறங்கிவிட்டால் அந்தக் கணக்கெல்லாம் போய்விடும். அண்ணனின் முதல் சந்தேகம் பங்க் மேல்தான். ஆனால் அவர் ஒரே பங்க்கில் போடுகிறவர் இல்லை. வழியில் எது வருகிறதோ அது. ஒரே பங்க் காரணமாக இருந்தால் அதே நாளில் போட்ட தெருக்காரர்கள் வண்டியும் நின்றிருக்கும். மேஸ்திரி வேறொன்று கேட்டார்: "மிக்ஜாம் வந்தபோது வண்டி எங்கே நின்றது?"

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் காரின் இருக்கை அடிவரை நின்றது. வடிந்த பிறகு இன்ஜின் ஆயிலை மாற்றினார்கள், பிரேக் பார்த்தார்கள், தரைவிரிப்பைக் காயவைத்தார்கள். டீசல் டேங்கை யாரும் நினைக்கவில்லை. டீசல் ஊற்றும் வாய் உயரத்தில் இருக்கிறது, அதில் தண்ணீர் போயிருக்க முடியாது என்பது எல்லோரின் எண்ணம். வாய் உயரத்தில்தான் இருக்கிறது. டேங்க் இருப்பது பின்இருக்கைக்கு அடியில்.

டேங்கை இறக்கும் வேலையை வாசலில் வைத்துக்கொள்ளவில்லை. நாற்பது லிட்டருக்கு மேல் பிடிக்கும் தொட்டியை ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் படுத்து இறக்குவது வீட்டு வேலை இல்லை. மணலி சாலைப் பக்கம் லாரி டேங்க் கழுவுகிறவர் செய்து கொடுத்தார். பிளாஸ்டிக் டேங்க் என்பதால் துரு இல்லை. அடி முழுக்க அதே கறுப்பு, அதற்கு மேல் தண்ணீர். டேங்கின் மேற்புறம் செல்லும் மூச்சுக்குழாய் ஒன்று கிளிப்பை ஒட்டி நீளவாக்கில் கீறியிருந்தது. வெள்ளத்தில் மூழ்கிய உயரத்துக்கு உள்ளேதான் அந்தக் கீறல். பங்க்கை நாங்கள் விடுவித்தோம்.

குழாயை மாற்றி, டேங்கைக் கழுவிக் காயவைத்து, பாதைக் குழாய்களில் புது டீசல் விட்டுக் கழுவி, மூன்றாவது ஃபில்டரை அண்ணன் தன் கையாலேயே மாட்டினார். மேஸ்திரி திண்ணையில் உட்கார்ந்து வாயால் மட்டும் வேலை பார்த்தார். நோசில் மாற்றச் சொன்ன மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கை மொத்தச் செலவு தொடவில்லை.

கழிவு பற்றி. பாட்டில், குடுவை, டேங்க் என்று சேர்ந்த கெட்ட டீசல் ஒரு கேன் நிறைய இருந்தது. தெருமுனைக் கால்வாயில் ஊற்றிவிடலாம் என்று ஒரு பையன் சொன்னபோது அவனை முறைத்தவர் மேஸ்திரி. எங்கள் பக்கத்துச் சாக்கடை பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. அது எண்ணூர் கழிமுகத்துக்குப் போகிறது. அதே டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து அங்கே படகும் வலையும் கறுத்ததை அவர் கண்ணால் பார்த்தவர். கேனை வேஸ்ட் ஆயில் எடுப்பவர் கொண்டுபோனார். தரையில் சிந்தியதற்கு மணல் போட்டுக் கூட்டினோம், இல்லையென்றால் அதில் முதலில் வழுக்குவது பால்காரரின் ஸ்கூட்டர்.

அண்ணன் இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு, வண்டியை அசைக்கும் முன் வடிகாலைத் திறந்து பாட்டிலில் பிடிக்கிறார். இதுவரை ஒரே அடுக்குதான். மழைக்காலத்தில் டேங்கை முக்கால் அளவுக்குக் குறையாமல் வைக்கிறார், உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறையட்டும் என்று. தண்ணீர் விளக்கு சாவியைத் திருப்பும்போது எரிந்து அணைகிறதா என்று பார்க்கவும் பழகிவிட்டார். நான்காவது நோசிலின் ரிட்டர்ன் மற்ற மூன்றைவிட இன்னும் கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது. இப்போதைக்கு அதைத் தொடுவதாக இல்லை. அடுத்த தடைக்காலத்துக்கு முன்பு மேஸ்திரி ஓய்வாக இருக்கும்போது மருந்து பாட்டில்களை மறுபடி மாட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு.